நோயலுக்குக் கிடைத்த சாட்சி

அந்த ஆள் கூசாமல் பொய் சொல்கிறார் என்பது அந்த அறையில் நோயலுக்கு மட்டும்தான் தெரியும்.

"ஆமாங்க, குண்டு வெடிச்ச அன்னிக்கு இவர் அந்த டீக்கடையில இருந்தார். என் ரெண்டு கண்ணால பார்த்தேன்" என்று நோயல் பக்கம் கையைக் காட்டினார் டெஸ்மண்ட். பெல்ஃபாஸ்ட் தீர்ப்பாயத்தின் மூன்று உறுப்பினர்களும் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார்கள்.

எப்படிப் பார்த்திருக்க முடியும்? அன்று கடைக்குள் இருந்தவர்களில் பிழைத்தது நோயல் ஒருவர்தான், அதுவும் இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லாமல். வெளியூர்க்காரரான அவரை யாரோ ஒரு பால் வண்டிக்காரர் அள்ளிப்போட்டுக்கொண்டு எல்லை தாண்டிப் பக்கத்து நாட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அந்த ஆஸ்பத்திரியே இன்றைக்கு இல்லை.

அந்தக் கலவர காலத்தில் குண்டாலும் துப்பாக்கியாலும் ஊனமானவர்களுக்கு அரசாங்க உதவித்தொகை என்றதும் நோயலும் விண்ணப்பித்தார். நீங்கள் அங்கே இருந்ததற்கு அத்தாட்சி இல்லை, கால் டிராக்டரில் மாட்டியும் போயிருக்கலாம் என்று முதல் விசாரணையில் தள்ளிவிட்டார்கள். பணம் போனால் போகட்டும். ஐம்பது வருடமாகக் கண்ணை மூடினால் அந்தக் கடைக்குள்ளேயே கிடக்கிற மனிதரைப் பொய்யன் என்றார்கள், அதுதான் அவரைத் தின்றது.

மேல்முறையீடு செய்தார். அன்று பார்த்தவர்கள் யாராவது உண்டா என்று மனைவி ஹேசல் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தாள். வந்தவர் இந்த டெஸ்மண்ட் ஒருவர்தான்.

"நீ சொல்லிக் கொடுத்துக் கூட்டிட்டு வந்தியா?" நோயல் மனைவியின் காதில் கிசுகிசுத்தார்.

"வாயை மூடிட்டு உட்காரு மனுஷா. அவரே தேடிக்கிட்டு வந்தார். காரியத்தைக் கெடுத்துடாதே."

மூவரில் நடுவே இருந்த நீதிபதி அம்மாள் கேட்டார்: "நீங்க அங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"டீ வாங்கினேங்க. குடிக்கல." டெஸ்மண்ட் மேசையைப் பார்த்தே பேசினார். "இவர் ஜன்னலோரமா வந்து உட்கார்ந்தார். நான் கிளம்பிட்டேன்."

"இத்தனை வருஷமா ஏன் வாயே திறக்கல?"

"பயம்."

"இவர்தான்னு எப்படி நிச்சயமா சொல்றீங்க?"

"பூட்ஸெல்லாம் ஒரே சேறு. 'இது டீக்கடையா, மாட்டுக்கொட்டகையா? போய்த் துடைச்சிட்டு வா'ன்னு கல்லாவுல இருந்த பொண்ணு விரட்டினா. இவர் ஒரு பூட்ஸைக் கழட்டிக் கையில பிடிச்சுக்கிட்டு, ஒத்தக் கால்ல நொண்டியடிச்சே வாசலுக்குப் போனார். அவ விழுந்து விழுந்து சிரிச்சா."

நோயல் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தப் பெண் சிரித்ததை அவர் யாரிடமும் சொன்னதில்லை, ஹேசலிடம்கூட. சிரித்த அந்த முகத்தைக் குண்டு வெடித்த பிறகு எப்படிப் பார்த்தார் என்பதையும் சொல்ல வேண்டியிருக்குமே.

அப்படியானால் இந்த ஆள் சொல்வது பொய்யில்லை. நிஜமாகவே அங்கே இருந்திருக்கிறார்.

உறுப்பினர்கள் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். "பழைய தீர்ப்பை ரத்து பண்றோம். நீங்க சொன்னது உண்மைன்னு இந்தத் தீர்ப்பாயம் ஏத்துக்குது" என்றார் நீதிபதி. ஹேசல் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அதற்குள் டெஸ்மண்ட் எழுந்து வெளியே போய்விட்டார். நோயல் தடியை ஊன்றி ஊன்றிப் போய் அவரை லிஃப்ட் பக்கத்தில் பிடித்தார்.

"மன்னிச்சுக்கணும். உள்ள உட்கார்ந்து உங்களைப் பொய்யன்னு நெனச்சேன்."

"பரவாயில்லீங்க."

"அந்தச் சிரிப்பைக் கேட்ட இன்னொரு ஆள் உலகத்துல இருக்கார்னு தெரிஞ்சதே எனக்குப் போதும்."

"எனக்கு அது தினமும் கேக்குதுங்க."

நோயல் அவர் கையைப் பற்றிக்கொண்டார்.

"சரியான நேரத்துல கிளம்பியிருக்கீங்க. அதிர்ஷ்டக்காரர் நீங்க."

டெஸ்மண்ட் முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தார்.

"அதிர்ஷ்டமில்லீங்க. எப்ப வெடிக்கும்னு எனக்குத் தெரியும்."