வேர்த்த சுவர்

"ஆள் வந்து வேர்க்கறதுக்கு முன்னாடியே சுவர் வேர்க்குதே, இது என்ன மேடம்?"

தமீம் அன்சாரி கேட்ட கேள்வியில் ஆரோக்கியசெல்விக்கும் வேர்த்துவிட்டது. மணி பதினொன்று. நாலு மணிக்குத் திறப்பு விழா.

கீழ்புத்துப்பட்டில், கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பார்த்தபடி, பெண்களுக்கென்றே ஒரு ஃபிட்னஸ் ஸ்டுடியோ. ஒரு நேரத்துக்குப் பத்துப் பேர்தான். பன்னிரண்டு வருஷம் ஷார்ஜாவில் இருந்துவிட்டு வந்த தமீம், அங்கே பார்த்தது இங்கே வேண்டும் என்றார். மரத்தரை, ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, பிரம்பு விளக்கு. எதிரே இமயமலை இளஞ்சிவப்பு உப்புக் கல்லில் ஒரு சுவர், அதற்குப் பின்னால் மஞ்சள் வெளிச்சம். வாசலில் 'உள் அலங்காரம்: ஆரோக்கியசெல்வி' என்று பித்தளையில் பெயர். அவள் தனியாக எடுத்துச் செய்த முதல் வேலை.

எல்லாம் வந்தது, இமயமலை மட்டும் வரவில்லை. சரக்கு ஏதோ துறைமுகத்தில் மாட்டிக்கொண்டது. கொட்டுகிற ஐப்பசி மழையில் அவள் மரக்காணத்து உப்பளக்காரர் பச்சமுத்துவுக்கு ஃபோன் போட்டாள். மூன்றாம் நாள் ஒரு லாரி உப்போடு வந்து இறங்கியவர், "அசல் மரக்காணம் சரக்கு, பாப்பா" என்று லாரிக் கதவைத் தட்டிச் சொன்னார். கேசரிப் பவுடர் கலந்து, அச்சில் இடித்து, காயவைத்து அடுக்கியதில் இமயமலை எழும்பி நின்றது. முதல் வாரம் எறும்புகள் வரிசையாக வந்து பார்த்துவிட்டு, கேசரி இல்லை என்று தெரிந்ததும் வரிசையாகவே திரும்பிப் போயின.

நேற்று முழுக்கக் கரண்ட் இல்லை. ஏ.சி. நின்றது. கடல் காற்று உள்ளே புகுந்துவிட்டது.

"ஏ.சி. நின்னுடுச்சு இல்ல சார், அதான் லேசா..."

"லட்சம் வருஷமா கரையாத மலை, ஒரு நாள் கரண்ட் போனா கரையுதா? ஈரக்காத்து பட்டா இப்படித் தண்ணி விடறது நம்ம ஊரு உப்பு மேடம். எங்க வாப்பா கடையில மூட்டை மூட்டையா பார்த்திருக்கேன்."

"அப்படியெல்லாம் இல்ல சார்."

"இல்லன்னா சந்தோஷம். நம்ம உப்புதான்னு தெரிஞ்சுதுன்னு வைங்க, இப்பவே கடப்பாரை. வாசல்ல உங்க பேரையும் பேத்துடுவேன். அப்புறம் துபாய், சவூதி, கத்தார், மூணு வாட்ஸ்அப் குரூப்லயும் ஃபோட்டோ."

தமீமின் ஊரான கோட்டக்குப்பத்தில் வீடு கட்டுகிற அத்தனை பேரும் அந்த மூன்று குரூப்பில்தான் இருந்தார்கள். ஃபோட்டோ போய்விட்டால் ஒரு ஆணி அடிக்கக்கூட அவளை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

"எப்படி சார் கண்டுபிடிப்பீங்க?"

"நாப்பது வருஷம் உப்பளத்துல இருந்த நாக்கு ஒண்ணு வந்துட்டே இருக்குது."

வெளியே மொபெட் வந்து நின்றது. நாக்கு இறங்கியது. பச்சமுத்து!

அந்த நாக்கு லேசுப்பட்டதல்ல. ஒரு கல்யாண விருந்தில் ரசத்தைக் குடித்துவிட்டு, எந்தப் பாத்தி உப்பு, எந்தச் செவ்வாய்க்கிழமை வாரியது என்று சொன்ன நாக்கு. புதன்கிழமை என்று மறுத்த பாத்திக்காரரே மறுநாள் வீடு தேடி வந்து மன்னிப்புக் கேட்டார்.

"யாரு பாய் இந்தப் பொண்ணு? டீச்சரா?" என்றார் பச்சமுத்து, செல்வியை முன்பின் தெரியாதவர்போல ஏற இறங்கப் பார்த்து.

அவளுக்குப் பாதி உயிர் வந்தது. தமீம் விடவில்லை.

"அது கிடக்கட்டும் பெரியவரே. இது மரக்காணம் உப்பா இல்லையா? உப்பு மேல கை வச்சுச் சொல்லுங்க."

வந்த பாதியும் போய்விட்டது. பச்சமுத்து உப்பின் மேல் கை வைத்துப் பொய் சொல்ல மாட்டார் என்பது ஊரறிந்த விஷயம். சொன்னால் பாத்தியில் உப்பு பூக்காது என்று நம்புகிறவர். பஞ்சாயத்தில் அப்படிக் கை வைத்துத்தான் சொந்த மச்சானையே மாட்டிவிட்டார்.

பச்சமுத்து சுவரை நக்கினார். கண்ணை மூடினார். குனிந்து இன்னொரு இடத்தில் நக்கினார்.

"கொஞ்சம் தண்ணி குடுங்க."

குடித்தார். மறுபடி நக்கினார். செல்வி மனசுக்குள் மாதாவைக் கூப்பிட்டாள்.

பச்சமுத்து உள்ளங்கையைச் சுவரில் அழுத்தி வைத்தார்.

"மரக்காணம் உப்பு இல்ல பாய் இது. சத்தியமா இல்ல."

"அப்ப எந்த ஊரு?"

"ரொம்பத் தூரம். பல ஊரு தாண்டி வந்திருக்குது."

தமீம் முகம் மலர்ந்தது. "மாஷா அல்லாஹ்! தப்பா நினைச்சுட்டேன், மன்னிச்சுக்குங்க மேடம்" என்று தோள் துண்டாலேயே சுவரைத் துடைத்துவிட்டு, ஏ.சி.யைப் போட உள்ளே ஓடினார்.

செல்வி வாசலுக்கு ஓடினாள். பச்சமுத்து மொபெட்டில் ஏறிக்கொண்டிருந்தார்.

"ஐயா, எனக்காக உப்பு மேல கை வச்சுப் பொய் சொல்லிட்டீங்களே!"

"நானா? உப்பு மேல கை வச்சா? எனக்கென்ன பைத்தியமா?" பச்சமுத்து வண்டியை மிதித்தார். "நீ கேட்ட ஐப்பசில, குவிச்சு வச்சிருந்த உப்பு பூரா வெள்ளத்துல கரைஞ்சு கடலுக்கே திரும்பிப் போயிடுச்சு. உனக்கு இறக்கினது தூத்துக்குடி சரக்கு."

"அசல் மரக்காணம்னு சொன்னீங்களே!"

"சொன்னேன். அன்னைக்கு என் கை லாரிக் கதவு மேலதான இருந்துச்சு, பாப்பா?"