கால்வினின் நாற்காலி

கால்வின் எதிர்வரிசைக் கட்சிக்காரர். ஆனாலும் அவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்வரை தானும் வாக்களிப்பதில்லை என்று செனட்டர் ரொவீனா அவர் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தாள். படுக்கையில் விழுந்தவருக்கு ஈடாக எதிர்த்தரப்பில் ஒருவர் தன் வாக்கை நிறுத்திக்கொள்வது அந்த மாநில செனட்டின் பழைய வழக்கம். இன்று வாக்கெடுப்புக்கு வந்திருப்பதோ அவளே கொண்டுவந்த மசோதா, சுரங்கத் தொழிலாளர்களின் நுரையீரல் வைத்தியத்துக்கானது. அவள் அப்பா இருமி இருமியே செத்தவர். ஜெயிக்க ஒரே ஒரு வாக்குதான் குறைவு.

பெயர்களை வாசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் கட்சிக் கொறடா காதருகே குனிந்தார்.

"கால்வின் போயிட்டாராம், இப்பத்தான் போன் வந்துச்சு. இனிமே நீங்க வாக்குப் போடலாம். ஆதரவுன்னு சொல்லுங்க, ஜெயிச்சிடலாம்."

கொறடாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. எதிர்வரிசைக்கும் சேதி போய்விட்டிருந்தது; கால்வினின் சொந்தக் கட்சிக்காரர்களும் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள். கால்வினின் நாற்காலி முதுகில் பழுப்புநிறக் கம்பளிச் சட்டை அப்படியே தொங்கியது.

அவள் பெயர் வந்தது. ரொவீனா எழுந்தாள்.

"வாக்கு அப்புறம். ஒரு மனுஷன் செத்துப்போயிருக்கார். முதல்ல எல்லாரும் எழுந்து நில்லுங்க."

செயலாளர் அவள் பெயரை மறுபடியும் வாசித்தார்.