அக்காவின் மடக்கு ஏணி

என் அக்கா வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவள். மூட்டு ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் ஆகி ஆறேழு மாதம் போன பிறகும் வலது முழங்கால் வலி அவளை விடவில்லை.

"ஸ்கேன்ல எல்லாம் சரியாத்தாம்மா இருக்கு," என்றார் டாக்டர்.

"அப்ப அந்த ஸ்கேனையே ஏணியில ஏறச் சொல்லுங்க டாக்டர்," என்றாள் அக்கா.

வேறு யாராக இருந்தாலும் மூலையில் முடங்கியிருப்பார்கள். அவள் தினமும் காலையில் தன் பழைய மர மடக்கு ஏணியைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி முழங்காலை மடக்கி நீட்டுவாள். பிறகு அதையே தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்புவாள். அவள் அடித்த சுவரில் ஒரு திட்டுகூட இருக்காது.

நேற்று சாயங்காலம் விசிலடித்துக்கொண்டே மாடிப்படி ஏறி வந்தாள். வலி துளியும் இல்லையாம். ஏணியை விரித்து நிறுத்தினாள். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அதன் வலது முன்கால் நடுவில் வீங்கியிருந்தது. தொட்டுப் பார்த்தேன், சுட்டது.

அக்கா அதிகம் யோசிக்கவில்லை. ஃபிரிட்ஜிலிருந்து தன் ஐஸ் பையை எடுத்து வந்து அந்த வீக்கத்தின்மேல் துணியால் கட்டினாள்.

"நாள் பூரா என்னையும் சுமந்துகிட்டு என் வலியையும் சுமந்திருக்கு பாரு," என்றாள் என்னிடம். பிறகு ஏணியைத் தட்டிக்கொடுத்தாள். "இன்னைக்கு நீ தூங்கு. நாளைக்கு அத நான் வச்சுக்கறேன்."

இன்று காலை அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி படியிறங்கினாள். தோளில் இருந்த ஏணியின் நான்கு கால்களும் நேராக இருந்தன.