வேரோடு அனுப்பவும்

மிஷன் பள்ளிக்கூடத்து ஈசாக்கு வாத்தியார் இறந்த பிறகும், அவர் மனைவி சலோமி காட்டுச் செடிகளைக் காயவைத்துப் பட்டணத்துக்கு அனுப்புவதை நிறுத்தவில்லை. கடைசியாக வந்த செடியில் இலை இருந்தது, நீலப் பூ இருந்தது, வேர் மட்டும் இல்லை. வேரோடு பிடுங்கி அனுப்பும்படி அரசாங்கத் தாவரவியலாளர் சேஷகிரி ராவ் எழுதிப் பார்த்தார். மறுபடியும் வேரில்லாமல்தான் வந்தது. இதுவரை யாரும் பெயர் வைக்காத செடி அது. முழுச் செடியாகப் போகாவிட்டால் புது இனமென்று லண்டனில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பொழுதுபோக்குக்குச் செடி சேர்க்கிறவர்களே இப்படித்தான் என்று திட்டிக்கொண்டே ராவ் மலையேறி வந்தார். சலோமி அவரைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனாள். வாத்தியாரின் குழிமேட்டில் அந்தச் செடி தனியாக நின்றது.

"காட்டுக்குப் போட்டுட்டுப் போற கோட்டோடயே அடக்கம் பண்ணிட்டோங்க. பாக்கெட்ல விதை கிடக்குதான்னு பாக்கத் தோணல" என்றாள்.

ஆறடி மண்ணுக்கடியிலிருந்து எந்த விதையும் முளைத்து மேலே வராது என்று ராவுக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தவர், கையிலிருந்த களைக்கொத்தியைப் பைக்குள் போட்டு மூடினார்.

"எந்தப் பாக்கெட்டும்மா?"

அவள் தன் நெஞ்சின் இடது பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள்.

ராவ் செருப்பைக் கழற்றிவிட்டுக் குழிமேட்டருகே குனிந்து, செடி முளைத்திருந்த இடத்தை வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப சரியாத்தான் வந்திருக்கு" என்றார்.