கழற்றிய கை

"நீ மட்டும் அந்தக் கையக் கழட்டுன, நான் டீம விட்டே போயிருவேன், பாத்துக்க."

ஜெஸ்வின் ரிமோட்டை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னான். காளீஸ்வரி கடைசித் திருகாணியையும் கழற்றினாள். பந்தெறியும் ரோபோவின் நீண்ட அலுமினியக் கையைத் தூக்கிச் சுவரோரம் சாய்த்து வைத்தாள்.

மதுரையில் பள்ளிகளுக்கான ரோபோ போட்டிக்கு இன்னும் பதினெட்டு நாள்தான். தென்காசியிலிருந்து போவது இவர்கள் பள்ளி மட்டுமே. தரையில் சிதறிக் கிடக்கும் பந்துகளை எடுத்துக் கீழ்த்தொட்டியில் போட்டால் இரண்டு புள்ளி. உயரக் கூடையில் எறிந்தால் ஐந்து.

"அஞ்சு பாயின்ட விட்டுட்டு ரெண்டு பாயின்ட் போதும்ங்குற. கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு?"

"எல்லாரும் எறியத்தாம்லே வருவாங்க. எறியதுக்குப் பந்து வேண்டாமா? நாம வேகமாப் பொறுக்குவோம்."

"பொறுக்கிட்டு? மொத நாலு எடத்துக்குள்ள வந்தாத்தான் ஃபைனல். இல்லன்னா அந்த நாலு டீம்ல எவனாவது நம்மளக் கூட்டுச் சேத்துக்கணும். கை இல்லாத ரோபோவ எவன் சேப்பான்?"

வயர்களைப் பிரித்துக்கொண்டிருந்த ஆதம், "இது ஸ்ரீமதி செஞ்ச கைல்லா" என்றான் மெதுவாக.

ஜன்னல் வழியாகச் சாரல் அடித்தது.

ஸ்ரீமதியும் காளீஸ்வரியும் இரண்டு வருடம் சேர்ந்து உருவாக்கிய ரோபோ அது. மே மாதம் ஸ்ரீமதியின் அப்பாவுக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் வந்தது. அதை அவள் கடைசி வாரத்தில்தான் சொன்னாள். "போற எடத்துல நல்ல டீமாக் கெடைக்கும், போ" என்று காளீஸ்வரி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்துவிட்டாள். வழியனுப்பவும் போகவில்லை. அதன் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொள்ளவே இல்லை.

"அவ மேல உள்ள கோவத்த ரோபோ மேல காட்டாதட்டி" என்றான் ஜெஸ்வின்.

"கோவம்லாம் ஒண்ணுமில்ல. அந்த ஸ்பேனர எடு."

ஜெஸ்வின் முறைத்தான். ஆனால் டீமை விட்டுப் போகவில்லை. ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தான்.

கை போனதும் ரோபோ லேசாகிவிட்டது. பேட்டரியைக் கீழே இறக்கினார்கள். முன்பக்கம் அகலமாக வாய் வைத்து, பந்தை உள்ளே இழுக்க இரண்டு உருளைகள் பொருத்தினார்கள். உருளைகளுக்குச் சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றினார்கள். குற்றாலம் சீசன் கடைகளில் ஐம்பது பந்து வாங்கி வந்து தரையில் கொட்டி ஓட்டினான் ஜெஸ்வின். சாரல் ஈரத்தில் எல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடின. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு, ரப்பரில் குறுக்காகக் கோடு கோடாக வெட்டிப் பார்த்தாள் காளீஸ்வரி. ஐம்பது பந்தும் ஒன்று விடாமல் உள்ளே போயின.

ஆதம் கை தட்டினான். அவள் ஓரமாகப் போய் போனை எடுத்தாள். ஸ்ரீமதியின் பெயரைத் திறந்து, 'ரப்பர்ல கோடு வெட்டுனா வழுக்கல' என்று தட்டினாள். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அனுப்பாமல் அழித்துவிட்டாள்.

அடுத்து, எடுத்த பந்துகள் பின்பக்கமாக உருண்டு வெளியே போக ஒரு சரிவு வைத்தாள்.

"பின்னால யாருக்குக் குடுக்கப் போற?" என்றான் ஜெஸ்வின்.

"யாருக்காவது."

மதுரையில் இருபத்து நான்கு அணிகள். பாதி ஒரு அரங்கிலும் பாதி பக்கத்து அரங்கிலும் ஆடின. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் காளீஸ்வரி கதவுப் பக்கம் எட்டி எட்டிப் பார்த்தாள். பயத்தில் பார்க்கிறாள் என்று நினைத்து ஜெஸ்வின் தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

ஆறு சுற்று முடிவில் ஒன்பதாவது இடம்.

"நான் அன்னைக்கே சொன்னேன்லா" என்று சொல்லிவிட்டு அவன் நாற்காலியில் சரிந்துகொண்டான்.

எல்லாரையும் பெரிய அரங்கில் உட்கார வைத்தார்கள். முதலிடம் பெற்ற கோயம்புத்தூர் அணியின் கேப்டனை மேடைக்கு அழைத்தார்கள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்த ஒரு பெண் ஏறினாள். ஜெஸ்வின் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"ஏட்டி, அது ஸ்ரீமதில்லா."

"உங்க கூட்டணிக்கு எந்த டீமைத் தேர்ந்தெடுக்கறீங்க?" என்று கேட்டார் நடுவர்.

"தென்காசி."

"ஒன்பதாவது இடம்மா. நல்லா யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுட்டேன் சார். எங்க ரோபோ நல்லா எறியும். ஆனா பந்து வந்து சேரத்தான் லேட்டாகுது. பொறுக்குன பந்துக் கணக்கப் பாத்தேன், இவங்கள மாதிரி பொறுக்க இங்க வேற யாரும் இல்ல." கூட்டத்துக்குள் அவள் கண்கள் யாரையோ தேடின.

ஜெஸ்வின் திரும்பினான். காளீஸ்வரி எழுந்திருக்காமல் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அவ வருவான்னு ஒனக்கு முன்னாடியே தெரியுமாட்டி?"

"கையக் கழட்டுனதுக்கு மொத நாள்தான் டீம் லிஸ்ட் வந்துச்சு. அவ பேரப் பாத்தேன். அவ எறியுற ரோபோதான் செய்வான்னு தெரியும். பந்து எடுத்துக் குடுக்க ஆள் தேடுவான்னும் தெரியும். போன் போட்டுப் பேசத்தாம்லே எனக்குத் தெரியல."