கண்ணாடிக்குள் மழை

"கோடு பூரா தப்பான பக்கம் சாயுதேம்மா," என்றார் மாஸ்டர், பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

அதை வரைந்தவரின் மகள் நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள்.

மாஸ்டர் வீட்டு மேசை முழுக்க அவள் அப்பா வரைந்த படக்கதைப் பக்கங்கள். துப்பறிகிறவர்கள், குதிரைகள், கவிழ்கிற கப்பல்கள். பென்சிலும் அவரே, அதன் மேல் மையும் அவரே. அச்சு முடிந்ததும் குப்பைக்குப் போனதையெல்லாம் அம்மா பொறுக்கி வந்து பரணில் போட்டு வைத்திருந்தாள்.

பதிப்பகம் தன் பழைய படக்கதைகளிலிருந்து பொறுக்கி ஒரு தடித் தொகுப்பு போடுகிறது. யாருக்கு இடம், யாருக்கு இல்லை என்று முடிவு கட்ட மூன்று பேர். பதிப்பாளர், படக்கதைகளைப் பற்றி எழுதும் கட்டுரைக்காரி, தொழிலில் எல்லோரும் மாஸ்டர் என்றே கூப்பிடுகிற இந்தப் பெரிய ஓவியர். மூன்று பேர் என்பது பேருக்குத்தான். மாஸ்டர் தலையாட்டினால் உண்டு, ஆட்டாவிட்டால் இல்லை.

அப்பாவின் பெயர் இதுநாள்வரை எங்குமே அச்சானதில்லை. எவனோ ஓவியன் காய்ச்சலில் விழுந்தால், எவனோ கோபித்துக்கொண்டு பாதியில் எழுந்து போனால், அப்பாவுக்கு ஆள் வரும். மீதியை அவர் முடித்துக் கொடுப்பார். பெயர் அந்த எவனோவுடையதாக இருக்கும். தொழிலில் அவருக்கு ஸ்டெப்னி என்றே பட்டம். வண்டி ஓடுகிறவரை ஸ்டெப்னியை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

ஒரே ஒரு தடவை பெயர் வந்துவிட்டால் போதும் என்று அவளுக்கு. அவருக்குக் கண் தெரிகிறபோதே வந்துவிட வேண்டும்.

"மூஞ்சி எல்லாம் ஒரே அச்சு," என்றார் மாஸ்டர். "கதாநாயகிக்கு மீசைய ஒட்டினா வில்லன். குதிரைக்குக் கால் எங்கம்மா? எங்க பாத்தாலும் புழுதி."

அது நிஜம்தான். குதிரைக்கால் அப்பாவுக்கு வராது. புழுதியைக் கிளப்பிவிடுவார். சின்ன வயதில் அவளே கேலி செய்திருக்கிறாள்.

"ஆனா கதை புரியுது சார்," என்றாள் கட்டுரைக்காரி. "வசனத்த மூடிட்டுப் பாத்தாக்கூடப் புரியுது. கண்ணு எங்கயும் தடுமாறல."

"பஸ் போர்டு கூடத்தான் புரியுது. அதுக்கு யாராவது சட்டம் போட்டு மாட்டுறாங்களா?"

பதிப்பாளர் சிரித்தார். சிரிக்க வேண்டிய இடம் அவருக்கு நன்றாகத் தெரியும்.

"அவர் இடது கைக்காரர் போல. அதான் அப்படிச் சாயுது," என்று கட்டுரைக்காரி விடாமல் சொன்னாள்.

"எந்தக் கையா இருந்தா என்ன? நிழல்னா இப்படி விழணும்." மாஸ்டர் பேனாவை எடுத்து ஒரு தாளில் வலது கையால் மளமளவென்று கோடுகளை இறக்கினார். வலது மேலிருந்து இடது கீழே. ஒவ்வொன்றும் அளந்து வைத்தது போல.

மகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. வழிந்துவிடக் கூடாதே என்று முகத்தை நிமிர்த்தினாள்.

மாஸ்டரின் தலைக்கு மேலே சுவரில் அந்தப் படக்கதைப் பக்கம் தொங்கியது. அவரை மாஸ்டர் ஆக்கிய பக்கம். வசனமே கிடையாது. காலித் தெரு, ஒரு மனிதன், மழை. அதை ஒரு பத்திரிகையிலிருந்து கிழித்துக்கொண்டு போய், "உனக்கு ஏம்ப்பா இப்படி வரல?" என்று அவள் கேட்டிருக்கிறாள். பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல் போய்க் கேட்டாள்.

"அதெல்லாம் ஒரு வரம்மா," என்றார் அப்பா அன்றைக்கு.

அவள் மழையைப் பார்த்தாள். மேசையில் மை காயாத கோடுகளைப் பார்த்தாள். மறுபடி மழையைப் பார்த்தாள்.

அது இடது மேலிருந்து வலது கீழே விழுந்துகொண்டிருந்தது. சுவர் நிழல், அந்த மனிதனின் மேல்கோட்டு மடிப்பு, தெருவின் இருட்டு, எல்லாம் அதே சாய்வு. அடியில் மாஸ்டரின் கையெழுத்து, கொட்டை எழுத்தில்.

"சார், அந்த மழை நீங்க போட்டதா?"

மாஸ்டர் பேனாவை மூடினார். மெதுவாகத்தான் மூடினார்.

"ஊருக்கே தெரியுமேம்மா," என்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

கட்டுரைக்காரி மட்டும் திரும்பினாள். ஒரு கணம் பார்த்தாள். பிறகு குனிந்து தன் மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாள், அதில் அழுக்கே இல்லாதபோதும்.

"அடுத்த தொகுதியில பாத்துக்கலாம்மா," என்று பதிப்பாளர் பக்கங்களை அடுக்கி அவள் பக்கம் தள்ளினார்.

அப்பா வெளியே மாடிப்படியில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நீயும் உள்ளே வாயேன் என்று அவள் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாயிற்று. "நான் வந்தா அவனுக்குச் சங்கடம். நீ மட்டும் போ," என்று சொல்லிவிட்டார். நேருக்கு நேர் மனிதனை வைத்துக்கொண்டு வேண்டாம் என்று எப்படிச் சொல்வது, அந்தச் சங்கடம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

அவள் முகத்தைப் பார்த்தார். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை.

"சுவத்துல அந்த மழைய மாட்டியிருக்கானா?"

"இருக்குப்பா. கண்ணாடி போட்டு."

"கண்ணாடி போட்டா?" அப்பா இடது கையை ஊன்றி எழுந்தார். "அப்பச் சரி. மை மங்காது."