மகள் வைத்த பூட்டு

மகள் இறந்துபோன பிறகு அவளுடைய லேப்டாப் ஓடவில்லை. அவள் பாடிப் பதிந்துவைத்த பாட்டெல்லாம் அதற்குள்தான் இருந்தன. கிழவர் அதைக் கடைக்குத் தூக்கிப்போனார்.

"லேப்டாப்பைக் கிளப்பிவிடுற பூட்லோடர் கெட்டுப்போச்சு பெரியவரே. டிஸ்க் வேற பூட்டியிருக்கு. பாஸ்வேர்டு சொன்னா சரி பண்ணிடலாம்" என்றான் மெக்கானிக்.

பாஸ்வேர்டு அவருக்குத் தெரியும். ஊரான் கையில் யாராவது வீட்டுச் சாவியைக் கொடுப்பார்களா? "தெரியாது" என்றார்.

"அப்போ மொத்தமா அழிச்சுட்டுப் புதுசா லினக்ஸ் போட்டுடவா?"

"போட்டுத் தொலை."

வெள்ளையடித்தால் வீட்டுச் சாமானா போய்விடும் என்று நினைத்தார் அவர்.

மறுநாள் போனபோது மெக்கானிக் தலையைச் சொறிந்துகொண்டிருந்தான். "நானே வச்ச புதுப் பாஸ்வேர்டு. ஏத்துக்கவே மாட்டேங்குது."

"அந்தப் பக்கம் திரும்பி நில்லு" என்றார். ஒற்றை விரலால் மகளின் பழைய பாஸ்வேர்டைத் தட்டினார். பூட்டு திறந்தது.

"அது எப்படி? அதையும் சேர்த்துத்தானே அழிச்சேன்!"

"பாட்டெல்லாம் எங்கேய்யா?"

"அழிக்கவான்னு கேட்டேனே, பெரியவரே."

இப்போதும் தினம் காலையில் அதைத் திறக்கிறார். அவள் சொல்லுக்கு மட்டும்தான் திறக்கிறது. உள்ளே காலி வீடு.